கேட்டலும் கொடுத்தலும்: அண்டை வீட்டு வைஃபையும் வினைக்கொள்கையும்

ஒருவருக்கு உரிய பொருள், அவர் எடுத்துக் கொடுக்காமலும் பிறர் உள்ளே புகுந்து எடுக்காமலும், தன் இயல்பினாலேயே சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குள் சென்றுவிடுமானால், அங்கே அதைப் பயன்படுத்துபவரைக் கள்வர் என்று சொல்லலாமா என்னும் வினா நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. அறநூல்கள் களவைப் பற்றிப் பேசியபோது நெல், பசு, பொன் என எடுத்தால் குறையும் பொருள்களையே பெரிதும் மனத்திற்கொண்டன. கம்பியின்றி வானலை வழியே வீட்டுக்குள் இணையத்தைப் பரப்பும் வைஃபை வந்த பிறகு அதே வினா அன்றாட வாழ்க்கையின் வினாவாகிவிட்டது. அதனோடு வேறு இரண்டு வினாக்களும் சேர்ந்தே வருகின்றன. அந்த அலையைக் கடவுச்சொல்லால் பூட்டிவைப்பது அயலாரிடம் காட்டவேண்டிய ஈரத்துக்கு மாறானதா என்பது ஒன்று. பூட்டாத இணைப்பின் வழியே அயலார் ஒருவர் தீங்கு செய்தால் அந்த வினை யாரைச் சாரும் என்பது மற்றொன்று. இவற்றுள் மூன்றாவது வினாவுக்கு விடை கண்டால்தான் முதலிரண்டும் தெளியும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயலாரைப் பற்றிய எந்த அறவினாவும் அவர்கள் வாழும் வீட்டின் அமைப்போடு பிணைந்தது. பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், ஆயர் தாவாரிலிருந்து லூமுட் செல்லும் வழியில் அமைந்த சித்தியவான், 1903இல் சீனாவின் ஃபூச்சோவ் பகுதியிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறித்தவக் குடியேறிகளால் வளரத் தொடங்கி, பின்னர் ரப்பரால் செழித்த ஊராகும். சுற்றிலும் எழுந்த தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் லயங்களில் குடியிருந்தனர். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு. பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிட்டதால், ஒரு வீட்டின் பேச்சும் குழந்தையின் அழுகையும் தாளிப்பு வாசனையும் அடுத்த வீட்டுக்குத் தாமாகவே சென்று சேர்ந்தன. தண்ணீர்க் குழாய் பொதுவாக இருந்தது. மலேசியாவில் 1963 டிசம்பரில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிப் படிப்படியாகத் தோட்டங்களையும் எட்டியபோது, பெட்டி வைத்திருந்த வீட்டின் வாசல் அண்டை வீட்டாருக்கும் உரிய இடமாயிற்று.

இவ்வமைப்பு இரண்டு வழக்கங்களை வளர்த்தது. ஒன்று, அண்ணன், அத்தை, சித்தி என உறவுமுறை சொல்லி அழைத்து, வேண்டியதை வெட்கமின்றிக் கேட்டு வாங்கும் வழக்கம். மற்றொன்று, சுவருக்கு மேலாகக் காதில் விழுந்ததைக் கேளாததுபோல் வைத்துக்கொள்ளும் வழக்கம். முதல் வழக்கத்தைப் பலர் ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். இரண்டாவதைப் பேசுவோர் குறைவு. ஆனால் லயத்து வாழ்க்கை குலையாமல் நின்றதில் இரண்டாவதற்கும் பெரும்பங்கு உண்டு. கூரைவரை எட்டாத சுவரை, அங்கு வாழ்ந்தவர்களின் ஒழுக்கமே எட்டச் செய்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், லயங்களிலிருந்தவர்கள் பெரும்பாலும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். அங்கேயும் வீடுகள் வரிசையாகவே நிற்கின்றன. இரு குடும்பங்களுக்கு இடையே ஒரே பொதுச்சுவர்தான். ஆனால் அது கூரைவரை எழும்பிய செங்கற்சுவர். அதன் மறுபக்கம் இருப்பவர் தமிழராகவோ சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். வாடகைக்கு வந்து சில மாதங்களில் போய்விடுபவராகவும் இருக்கலாம். இத்தகைய புதிய அயல்களில் ஒருவரையொருவர் அறியச் செய்வதையும் காவலையும் ஒரே பணியாகக் கருதித்தான் மலேசிய அரசு 1975இல் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பை ஏற்படுத்தியது. அயலாரை அறிந்திருப்பதும் அயலிடமிருந்து காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது. அந்த எண்ணத்தைச் சோதிக்கும் புதிய இடமாக வீட்டு வைஃபை அமைந்துள்ளது.

வைஃபை இயங்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அறவினா கூர்மையாகும். வீட்டின் முன்னறையில், பெரும்பாலும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மோடம், தன் பெயரை வானலையில் நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. அதன் அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தவை செங்கற்சுவரை ஓரளவு எளிதாகவும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தவை கூடுதல் இழப்போடும் கடக்கின்றன. எனவே தாமான் வீடொன்றில் கைப்பேசியைத் திறப்பவர் தம் இணைப்பின் பெயரோடு இடப்பக்கத்து வீட்டின் பெயரையும் வலப்பக்கத்து வீட்டின் பெயரையும் பின்தெரு வீடுகள் சிலவற்றின் பெயரையும் ஒரே பட்டியலில் காண்கிறார். பெயருக்குப் பக்கத்தில் சிறிய பூட்டுக்குறி இருந்தால் அது கடவுச்சொல் கேட்கும் இணைப்பு. இல்லையேல் யாரும் நுழையக்கூடிய திறந்த இணைப்பு. வீட்டுக்காரர் தம் அலையைத் தம் சுவரோடு நிறுத்திக்கொள்ள விரும்பினாலும் நடைமுறையில் இயலாது. அவர் செய்யக்கூடியது பூட்டுவது மட்டுமே.

அந்தப் பூட்டுகளின் வரலாறோ தோல்விகள் நிறைந்தது. 1997இல் வந்த வெப் என்னும் முதல் மறையாக்க முறை, அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை, 2001இலேயே உடைக்கப்பட்டது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பெருவழக்கில் உள்ளது. 2018இல் அதற்கு மேம்பட்ட டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் தொல்லையைக் குறைக்க மோடத்தில் சேர்க்கப்பட்ட டபிள்யூபிஎஸ் என்னும் வசதி எட்டு இலக்க எண்ணொன்றை நம்பியிருந்தது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் எனத் தோன்றும். ஆனால் மோடம் அந்த எண்ணை இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவதாலும், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரில் வெளிப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொறியியலாளருக்குப் பூட்டு ஒரு தடை. அது உடைந்தால் பயனற்றது. அறவியலிலோ பூட்டு ஒரு சொல். உடைக்க எளிதானதாக இருந்தாலும் ‘இது கொடுக்கப்படவில்லை’ என்பதை அது சொல்லிவிடுகிறது. ஆகவே வலுவற்ற பூட்டைத் திறந்தவர், பூட்டின் வலுவின்மையைக் காட்டித் தம்மை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது. ஐயத்துக்கு இடமுள்ளது பூட்டே இல்லாத இணைப்புதான். ஏனெனில் அங்கே வீட்டுக்காரர் எதையும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இசைவு என்று கொள்வதா, அறியாமை என்று கொள்வதா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

இசைவு என்று கொள்பவர்களின் வலிமையான வாதம், எடுத்தவருக்குப் பயன் உண்டு, உடையவருக்கு இழப்பு இல்லை என்பது. இவ்வாதம் புதியதன்று. யூதர்களின் தல்மூதில், பாவா காமா என்னும் பகுதியில், உடையவர் அறியாமல் அவருடைய வெறுமையான முற்றத்தில் குடியிருந்தவர் வாடகை கொடுக்க வேண்டுமா என்னும் வழக்கு ஆராயப்படும்போது இதே அளவுகோல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழில் இதற்கு அருகில் நிற்பது திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதல். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து, தன்னிடமிருப்பது பலருக்கும் பயன்படுமாறு வாழ்தல். ஊருணியையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்தையும் அவ்வதிகாரம் பெருந்தன்மையாளரின் செல்வத்துக்கு உவமையாக்குகிறது. இரவு இரண்டு மணிக்கு யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் இணைப்பு இந்த ஊருணியைப் போன்றதுதானே என்று ஒருவர் கேட்கலாம்.

ஆனால் அவ்வதிகாரம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது உடையவரை நோக்கி அவருடைய கடமையைச் சொல்கிறது. எடுப்பவருக்கு எந்த உரிமையையும் வழங்கவில்லை. எடுப்பவரை நோக்கிப் பேசுவது 29ஆம் அதிகாரமான கள்ளாமை. அது இல்லறவியலில் இல்லாமல் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதும், கையால் எடுப்பதற்கு முன் மனத்தால் நினைப்பதையே அது கண்டிப்பதும், உடையவரின் இழப்பைக் காட்டிலும் எடுப்பவரின் உள்ளத்தில் நேரும் கேட்டையே வள்ளுவர் பெரிதாக எண்ணினார் என்பதைக் காட்டுகின்றன. கொடுப்பவர் படிக்க வேண்டிய அதிகாரத்தை எடுப்பவர் படித்துவிட்டு அதிலிருந்து தமக்கு உரிமை தேடுவதே இழப்பில்லை என்னும் வாதத்தின் அடிப்படைப் பிழை.

பௌத்தமும் சமணமும் இழப்பைக் களவின் இலக்கணத்தில் சேர்க்கவேயில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்பதே இரு சமயங்களும் களவுக்குக் கூறும் வரையறை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை ஒரே தொடரில் முடித்துவிடுகிறது. பௌத்த உரைமரபு இச்செயல் நிறைவுபெற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்கிறது: பொருள் பிறருடையதாக இருத்தல், பிறருடையது என்று அறிந்திருத்தல், திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, பொருளைக் கைக்கொள்ளுதல். கைப்பேசி தானாகவே ஒரு திறந்த இணைப்போடு சேர்ந்துகொண்டு, கைப்பேசிக்கு உரியவர் அதை அறியாமலிருந்தால், இரண்டாவது உறுப்பும் மூன்றாவதும் இல்லாமையால் அங்கே களவு இல்லை. அறிந்த பிறகும் அவர் விலகாமல், மாதாமாதம் தாம் கட்டவேண்டிய கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொண்டிருந்தால் ஐந்தும் நிறைந்துவிடுகின்றன. மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் இதே போக்கில் அமைந்திருப்பது கருதத்தக்கது. அதன் 3ஆம் பிரிவு, அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதை, அனுமதியில்லை என்று அறிந்தே செய்திருந்தால் மட்டுமே குற்றமாக்குகிறது. அதற்கான தண்டனை 50,000 வெள்ளிவரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அறிவும் நோக்கமும் இல்லாத இடத்தில் வினை முழுமை பெறாது என்பதில் பழைய உரையாசிரியர்களும் இன்றைய சட்டமியற்றுவோரும் உடன்படுகின்றனர்.

சுவரைக் கடந்து வரும் பொருளைப் பற்றிய வினாவைப் பாலி மொழியின் சம்யுத்த நிகாயம் நேரடியாகவே எழுப்பியுள்ளது. காட்டில் வாழும் துறவி ஒருவர் குளக்கரையில் நின்று தாமரையின் மணத்தை நுகர்கிறார். அக்காட்டில் வாழும் தேவதை அவரை மணத்தின் கள்வர் என்று இடித்துரைக்கிறது. தாம் பூவைப் பறிக்கவுமில்லை, ஒடிக்கவுமில்லை, தொலைவில் நின்று நுகர்ந்ததற்கா இப்பெயர் என்று துறவி கேட்கிறார். கொடியையே பிடுங்கி எறிகிறவனை விட்டுவிட்டுத் தம்மைக் குறை சொல்வதேன் என்றும் வாதிடுகிறார். தூய்மையை நாடுபவருக்கு மயிர்முனையளவு குற்றமும் மேகமளவாகத் தெரியும் என்பது தேவதையின் விடை. துறவி அதை ஏற்றுக்கொள்கிறார். இக்கதை நுகர்ந்தவரை எந்த நீதிமன்றத்துக்கும் அனுப்பவில்லை. தண்டனைக்குரிய குற்றத்துக்கும் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டிய குறைக்கும் இடையே ஒரு பரப்பு உண்டு என்பதையும், கொடுக்கப்படாத இன்பம் தொலைவிலிருந்தே வந்தாலும் அது கொடுக்கப்படாததே என்பதையும் அது உணர்த்துகிறது.

மகாபாரதத்தின் சாந்தி பருவம் கூறும் லிகித முனிவரின் வரலாறு இதனினும் கடுமையானது. தமையனாகிய சங்க முனிவரின் ஆசிரமத்துக்குச் சென்ற லிகிதர், அவர் இல்லாதபோது மரத்திலிருந்த கனிகளைப் பறித்து உண்டார். திரும்பி வந்த தமையன் அது களவென்று சொல்லி, அரசனிடம் சென்று தண்டனை பெறுமாறு பணித்தார். சுத்யும்ன மன்னன் மன்னிக்க விரும்பியும் லிகிதர் ஏற்கவில்லை. கைகள் வெட்டப்பட்ட பின் பாகுதை ஆற்றில் நீராடியபோது அவை மீண்டன. உடன்பிறந்தார் என்னும் நெருக்கம்கூடக் கேட்காமல் எடுப்பதை நியாயமாக்காது என்பது கதையின் மேற்பரப்பு. அதன் உட்பொருள், தமையன் இருந்திருந்தால் மகிழ்ந்து கொடுத்திருப்பார் என்பதில் உள்ளது. கேட்காமல் எடுத்ததால் லிகிதர் தமையனிடமிருந்து பறித்தது சில கனிகளை மட்டுமன்று. கொடுக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பறித்தார்.

சமகாலத் தீர்ப்புகளும் அனுமதியையே அச்சாணியாகக் கொள்கின்றன. துபாயின் இஸ்லாமிய விவகாரத் துறை 2014இல் அளித்த மார்க்கத் தீர்ப்பில், அண்டை வீட்டார் அனுமதித்தால் அவருடைய வைஃபையைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அனுமதிக்காவிட்டால் கூடாது என்று கூறியது. சிங்கப்பூரில் அண்டை வீட்டாரின் பூட்டப்படாத இணைப்பைப் பயன்படுத்திய 17 வயது இளைஞர் ஒருவருக்கு 2007இல் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. திறந்திருந்தது என்பது அங்கே அனுமதியாகக் கொள்ளப்படவில்லை.

இனிப் பூட்டுவது ஈரமின்மையா என்னும் இரண்டாம் வினாவுக்கு வரலாம். கொடை நிகழ்வதற்குக் கொடுப்பவர், பெறுபவர், பொருள் என்னும் மூன்றும் போதா; கொடுப்பவரின் அறிவும் வேண்டும். பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் சாத்துவிகக் கொடைக்கு இடமும் காலமும் தகுதியுடைய பெறுநரும் கருதப்பட வேண்டும் என்கிறது. இவை கருதப்பட வேண்டுமாயின் கொடுப்பவர் தாம் கொடுப்பதை அறிந்திருக்க வேண்டும். அறியாமல் கசிவது கொடையாகாது. ஆகவே மோடத்தைப் பூட்டாமல் விட்டவர் வள்ளல் ஆகிவிடுவதில்லை, பூட்டியவர் கருமியாகிவிடுவதுமில்லை. பூட்டு இருந்தால்தான் அயலார் வந்து கேட்கும் நிலை உண்டாகிறது. கேட்டால்தான் கொடுத்தல் அறிந்து செய்யும் செயலாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேட்பது எல்லாருக்கும் இயல்வதன்று. திருக்குறள் இரத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் இரத்தலுக்கு அஞ்சுவதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தது இதனால்தான். 2020 மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசித் திரைக்கு மாறியபோது, இணைப்பில்லாத வீட்டுக் குழந்தைக்கு அண்டை வீட்டுக் கடவுச்சொல்லே பள்ளியின் கதவாயிற்று. அந்த ஆண்டில்தான் சபா மாநில மாணவி ஒருவர் இணையத் தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2021இன் நடுப்பகுதியில், உணவின்றித் தவித்த குடும்பங்கள் வாய்திறந்து கேட்காமல் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டித் தெரிவிக்கும் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. கேட்பதற்கான நாணத்தைக் கடக்க ஒரு துணி தேவைப்பட்டது என்பதே, கேட்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கும் உடையவரின் அறம் போதாது என்பதற்குச் சான்று. எடுப்பவருக்குக் கேட்டல் கடமை என்றால், உடையவருக்குக் கேட்குமுன் முன்வருதல் கடமை. ‘பிள்ளைக்குப் பாடம் இருந்தா சொல்லுங்கக்கா, பாஸ்வேர்ட் தர்றேன்’ என்று வேலியோரம் நின்று சொல்லும் ஒரு வரி, திறந்துகிடக்கும் இணைப்பு ஓராண்டில் செய்யாத அறத்தைச் செய்துவிடுகிறது.

மூன்றாம் வினாவே மிகக் கடினமானது. இணையத்தில் ஒருவர் செய்யும் செயல், அவர் முகத்தோடு வெளியே செல்வதில்லை. எந்த இணைப்பின் வழியே சென்றதோ அதன் முகவரியோடு செல்கிறது. அண்டை வீட்டின் வைஃபையைப் பயன்படுத்தி எழுதப்பட்ட அவதூறு, வெளியுலகின் கண்ணுக்கு அண்டை வீட்டுக்காரர் எழுதியதாகவே தோன்றும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டிருந்தது. முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை முதலில் அவர் வாசலுக்கே சென்றது. ஜெர்மனியின் கூட்டரசு நீதிமன்றம் 2010 மே மாதம் விசாரித்த வழக்கொன்றில், உரிமையாளர் விடுமுறையில் வெளியூர் சென்றிருந்தபோது அவருடைய இணைப்பு வழியே ஒரு பாடல் சட்டத்துக்குப் புறம்பாகப் பகிரப்பட்டிருந்தது. அவர் அதைச் செய்தவர் அல்லர் என்று ஏற்ற நீதிமன்றம், இணைப்பைத் தக்கவாறு காக்கத் தவறியதற்கு அவரைப் பொறுப்பாளியாக்கியது. இத்தகைய பொறுப்பை 2017இல் ஜெர்மானியச் சட்டம் பெருமளவு நீக்கிவிட்டது.

மலேசியா எதிர்த்திசையில் சென்றது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு 2012 ஜூலை 31 முதல் நடப்புக்கு வந்தது. ஓர் இணைய வெளியீடு எந்த இணைப்பிலிருந்து வந்ததோ, அந்த இணைப்பின் சந்தாதாரராகப் பதிவு பெற்றவரே அதை வெளியிட்டவர் என்று, மாறானது மெய்ப்பிக்கப்படும்வரை, அப்பிரிவு ஊகிக்கிறது. சட்ட ஊகம் என்பது, ஒன்றை மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டுபவரிடமிருந்து எடுத்துச் சாட்டப்பட்டவரின் தோளில் வைப்பது. இதை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்ட் 14 அன்று பல மலேசிய இணையத்தளங்கள் இருட்டடிப்பு நாள் கடைப்பிடித்தன, பிரிவு மாறவில்லை. 2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகள் தொடர்பான நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் இப்பிரிவின் ஊகத்தைப் பயன்படுத்திய கூட்டரசு நீதிமன்றம், மலேசியாகினி செய்தித்தளத்துக்கு 5,00,000 வெள்ளி அபராதம் விதித்தது. எழுவர் கொண்ட அமர்வில் நீதிபதி நளினி பத்மநாதன் மட்டும், எழுதப்பட்டதைப் பற்றிய அறிவும் வெளியிடும் நோக்கமும் அந்நிறுவனத்துக்கு இருந்தமை நிறுவப்படவில்லை என்னும் நிலையில் நின்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். வழக்கு செய்தித்தளத்தைப் பற்றியது. அதில் எழுந்த பிளவோ, வினை நிறைவுபெற அறிவும் நோக்கமும் வேண்டுமா என்னும் பழைய தத்துவப் பிளவு.

இப்பிளவைச் சைவ சித்தாந்தம் தெளிவாக விளக்க உதவும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் அருளிய சிவஞானபோதத்தையும், அதன் வழிநூலாக அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரையும் அடியாகக் கொண்ட அம்மரபில், செய்த வினையின் பயனைச் செய்த உயிரே நுகரும். ஆனால் வினை அறிவற்ற சடம். தன்னைச் செய்தவர் யார் என்று தானே தேடிச்சென்று சேர அதற்குத் தெரியாது. வினையும் அறியாது, உயிரும் தன் வினைப்பயனைத் தானே விரும்பி எடுத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டையும் அறிந்து கூட்டுவிக்கும் முற்றறிவுடைய இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வாதம். மோடத்தின் பதிவேடு இந்தச் சடவினைக்கு ஒப்பானது. இன்ன நேரத்தில் இன்ன கருவி இன்ன முகவரியை நாடியது என்பது அதில் இருக்கும். கருவியைப் பிடித்திருந்த கை யாருடையது என்பது இராது. முற்றறிவில்லாத மனித நீதிமன்றம் அந்தச் சடத்தின் சாட்சியைக் கொண்டே வினையையும் செய்தவரையும் கூட்டுவிக்க முயல்கிறது. கையில் சிலம்பு இருந்ததையே களவுக்குச் சான்றாகக் கொண்டு கோவலனைக் கொன்ற பாண்டியனின் பிழையும் இவ்வகையினதே. பரல் முத்தன்று மாணிக்கம் என்று மெய்ப்பிக்கும் சுமை அங்கே கண்ணகியின்மேல் விழுந்தது, அதுவும் காலங்கடந்து.

இறைவனின் கணக்கில் வினை இடம் மாறாது. உலகின் கணக்கில் மாறிவிடும். அண்டை வீட்டு இணைப்பைக் கேட்காமல் பயன்படுத்துபவர் செய்யும் தீங்கு இந்த இடைவெளியில்தான் உள்ளது. அவர் எடுப்பது சில மெகாபைட் தரவு என்றால் அது அற்பம். உண்மையில் அவர் அயலாரின் பெயரை எடுத்து அணிந்துகொண்டு உலகத்துக்குள் செல்கிறார். நன்மையே செய்தாலும் பிறர் பெயரில் செய்கிறார். தீமை செய்தால் உலகின் தண்டனைக்கு அந்த அயலாரை முன்னிறுத்துகிறார். இழப்பில்லை என்னும் வாதம் இங்கே முற்றாக விழுந்துவிடுகிறது. 114ஏ பிரிவு நடப்பிலிருக்கும் நாட்டில் உடையவருக்கு இழப்புக்கான வாய்ப்பு எப்போதும் உண்டு. அந்த வாய்ப்பை அவர் அறியாமலேயே அவர்மேல் ஏற்றுவது களவினும் கொடியது.

இதே காரணத்தால் கேட்டுக் கொடுக்கப்பட்ட கடவுச்சொல்லின் பொருளும் மாறுகிறது. அறிந்து கொடுப்பவர் இணைப்பை மட்டும் கொடுக்கவில்லை, பிணையும் நிற்கிறார். தமிழர் அயல்களில் கூட்டு என்னும் சீட்டுக்கட்டும் முறையில், முதலில் எடுத்தவர் கட்டாமல் போனால் நடத்துபவரின் பெயர் கெடும் என்பதை அறிந்தே ஒருவரையொருவர் நம்பினார்கள்; அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கடவுச்சொல்லும் அத்தகைய நம்பிக்கைக்குரியது. அதைப் பெற்றவர் மூன்றாமவருக்குச் சொல்வது, கணினிக் குற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு உரிமையின்றிக் கடவுச்சொல்லை வெளியிடுவதைத் தனிக்குற்றமாக்கியிருப்பதை எண்ணிப் பார்க்கும் முன்பே, பிணை நின்றவருக்குச் செய்யும் இரண்டகம் ஆகும்.

கடமை ஒருபக்கத்தது மட்டுமன்று. டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், மற்றொரு கருவி இணையும் தருணத்தைப் பதிவுசெய்ய முடிந்தால், அக்கருவியின் வைஃபை மறையாக்கத்தைப் பிரித்துவிடலாம். இணையத்தளங்கள் தனியே செய்யும் மறையாக்கம் உள்ளடக்கத்தைக் காத்தாலும், எந்தத் தளத்தை நாடினார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டபிள்யூபிஏ3 இக்குறையை நீக்குகிறது. இணைப்பின் உடையவரோ, தம்மிடம் பெற்றவர் எங்கெங்கே சென்றார் என்பதை மோடத்தின் வழியே ஓரளவு காண வல்லவர். ஆகவே கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே கூரையைத் தொடாத ஒரு சுவர் மீண்டும் எழுகிறது. லயத்து மக்கள் கடைப்பிடித்த இரண்டாவது வழக்கம், காதில் விழுந்ததைக் கேளாததாக வைக்கும் அடக்கம், இங்கே புதிதாகத் தேவைப்படுகிறது. பல மோடங்களில் உள்ள விருந்தினர் இணைப்பு என்னும் வசதி இவ்வடக்கத்துக்குத் துணைசெய்யும். அது வீட்டுக் கருவிகளிலிருந்து பிரிக்கப்பட்ட, தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் உடைய இணைப்பு. வந்தவரைத் திண்ணையில் அமர்த்தி உபசரித்து உள்ளறையைத் தனியே வைத்த பழைய வீட்டைப் போன்றது. அதைத் திறந்துவைத்து, மோடத்தின் அடியில் ஒட்டப்பட்ட தயாரிப்பாளரின் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட்டால், அயலாருக்குக் கொடுப்பதும் வீட்டைக் காப்பதும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் வெளியுலகுக்குத் தெரியும் முகவரி அப்போதும் உடையவருடையதே. எந்தக் கருவியும் பிணையிலிருந்து அவரை விடுவிப்பதில்லை.

அந்தப் பிணையின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞரை அமர்த்தித் தாம் எழுதவில்லை என்று மெய்ப்பிக்க வசதியுள்ளவருக்குச் சட்ட ஊகம் ஒரு தொல்லை. மலிவுவிலை வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கடவுச்சொல் கொடுத்தவருக்கு அது வாழ்க்கையைக் கவிழ்க்கக்கூடியது. எளியோரிடையே நிகழும் பகிர்வைத்தான் இச்சட்டம் மிகுதியும் அச்சுறுத்துகிறது. எனினும் அதனாலேயே அப்பகிர்வின் மதிப்பும் உயர்கிறது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது கொடுப்பதை ஈகை என்று எந்த மரபும் பெரிதாகப் பாராட்டவில்லை. அயலாரின் செயலுக்கு உலகம் தம்மைப் பொறுப்பாக்கக்கூடும் என்பதை அறிந்தும், பூட்டிய இணைப்பின் கடவுச்சொல்லைக் கேட்டவருக்குச் சொல்பவர், முற்றறிவில்லாத நீதியின்முன் அவருக்காகத் தம் பெயரை ஈடுவைக்கிறார். அந்த ஈட்டை மூழ்கவிடாமல் காப்பதே பெற்றவர் செலுத்தவேண்டிய கைம்மாறு.